நடுப்பீடத்துக் கல்யாணம்

செருப்ப அங்கன கழத்திப் போட்டுட்டு வாங்க சார். கோவிலப் பாக்கத்தான வந்திய? கழுத்துல கேமரா தொங்குது, கையில நோட்டு இருக்கு. பிஷப் வீட்டுலருந்து வரலயே? எஞ்சினியர் கூட உள்ள ஆளு இல்லயே? தப்பா நினைக்காதிய, கேக்கணும்ல. காலேஜுல சரித்திரம் நடத்துதியளா? திருச்சியா? அப்பச் சரி. சரித்திரம் வேணும்னா இந்தப் பெரியமடத்தூருல என்னைய விட்டா வேற ஆளு கிடையாது. வாங்க.

ஆனா வெரசாப் பாத்துரணும். இப்ப மணி மூணே கால். நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துரும். அஞ்சு மணிக்கு இங்கன கல்யாணம். எம்மவ கல்யாணம். நீங்களும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும், ஆமா. பிரியாணி வெந்துக்கிட்டு இருக்கு.

எனக்கும் யார்கிட்டயாவது பேசணும் போலத்தான் இருக்கு. காலையிலருந்து ஒரு எடத்துல உக்கார முடியல. பொண்ணப் பெத்தவனுக்குக் கல்யாணத்தன்னைக்கு அப்படித்தான் இருக்கும்னு எம்பொண்டாட்டி மதலேன் சொல்லுதா. அந்தா, பீடத்துல பூ வச்சுக்கிட்டு இருக்கால்லா, அவதான். ஏணியில நிக்க ரெண்டு பேரும் சோடிக்க வந்தவனுவ.

என் பேரு வியாகப்பன். இந்தக் கோவிலுக்குக் கோயில்பிள்ளை. மணி அடிக்கது, மெழுகுவத்தி ஏத்துறது, பங்குச் சாமியாருக்குப் பூசை உடுப்பு எடுத்து வைக்கது, கூட்டுறது, தொறக்கது, பூட்டுறது எல்லாம் நாந்தான். எனக்கு முன்ன எங்கப்பா. அவருக்கு முன்ன அவரு அப்பா. இந்தா, சாவியப் பாருங்க. ஒரு சாண் நீளம். நாப்பத்தோரு வருசமா என் இடுப்ப விட்டு எறங்கல.

இது ஊருக்குன்னு கட்டுன கோவில் இல்ல சார், மடத்துக் கோவிலு. ஆசீர்வாதப்பர் சபைத் துறவிய, வெள்ளக்காரவிய, இருவத்துநாலு பேரு கப்பல்ல வந்து எறங்குனாவளாம். இங்கன அப்ப உடைமரமும் செவந்த தேரிமணலும்தான். ஆயிரத்தி எண்ணூத்தி எழுவத்திரெண்டுல அஸ்திவாரம். முடிக்கப் பத்தொம்பது வருசம். அதுக்குள்ள பதினோரு பேரு காய்ச்சல்ல போயிட்டாவ. எல்லாரும் நீங்க நிக்க எடத்துக்குக் கீழதான் இருக்காவ. நகராண்டாம், ஒண்ணும் இல்ல, அவிய நல்லவிய.

அந்தா ரெண்டு வரிசை மரப் பெஞ்சு எதிரெதிரா இருக்குல்லா? அதுல நின்னுதான் ஒரு நாளைக்கு ஏழு வாட்டி செபம் பாடுவாவளாம். விடியுமுன்ன ஒண்ணு, படுக்கைக்கு முன்ன ஒண்ணு. உக்காரக் கூடாது, நிக்கணும். இந்த மடக்குத் தட்டத் தூக்குங்க. அடியில கை அகலத்துக்கு ஒரு திண்டு இருக்கா? நின்னு நின்னு காலு கடுத்துச்சுன்னா லேசா அதுல சாஞ்சுக்கிடலாம். பாக்கவனுக்கு நிக்க மாதிரியே இருக்கும். துறவியளும் மனுசங்கதான, சிரிக்காதிய.

இப்ப மேல பாருங்க. ஒரு உத்தரம் கிடையாது. ஒரு இரும்பு கிடையாது. அம்பத்திரெண்டு அடி உயரத்துல வெறும் செங்கல்லு. சுண்ணாம்பு வச்சு வளைச்சு வளைச்சு ஒண்ண ஒண்ணு நெருக்கிக்கிட்டு நிக்குது. சாமி கூட்டிட்டு வந்த எஞ்சினியர் சொன்னான் சார், இந்தக் கூரை சும்மா நிக்கலயாம். ராவும் பகலும் ரெண்டு பக்கச் சுவரையும் வெளியே தள்ளிக்கிட்டே இருக்காம். தள்ளுதாம்! அதுக்கென்ன உயிரா இருக்கு? நூத்தி முப்பது வருசமா தள்ளிருந்தா இந்நேரம் சுவரு கடலுக்குல்லா போயிருக்கணும்? படிச்சவன் பேசுத பேச்சப் பாருங்க.

சரி, இங்கன வாங்க, கோவிலுக்கு நடுவுல. இப்படி நின்னு பாத்தா தெரியும், சிலுவை மாதிரிக் கட்டியிருக்காவ. தலை அங்கிட்டு. நடுப்பீடம் அதுல. வடக்க ஒரு கை, தெக்க ஒரு கை. இந்தத் தரையில வரிசையாக் குழி தெரியுதா? அதுலதான் கிராதி நின்னுது. ஆள் உசரம், தேக்கு மரம். கிராதிக்கு அங்கிட்டுத் துறவிய. இங்கிட்டு ஊர்ப் பெரிய குடும்பங்க. எங்க ஆளுவளுக்குத் தெக்குக் கை. மடத்துத் தோட்டத்துல வேலை செஞ்சவிய, மாடு மேச்சவிய, மணி அடிச்சவிய. நாங்க. பூசையில சாமி முகம் எங்களுக்குத் தெரியாது. தூணு மறைக்கும். மணிச்சத்தம் கேட்டா முட்டி போடணும், அவ்ளோதான்.

கல்யாணமும் அங்கனதான். தெக்குக் கையில சூசையப்பர் பீடம் ஒண்ணு இருக்கு, சின்னப் பீடம். எங்க தாத்தா, எங்கப்பா, நான், எல்லாரும் அதுக்கு முன்னாலதான் தாலி கட்டுனோம். நடுப்பீடத்த நான் தினமும் தொடைக்கேன் சார். துணி விரிக்கேன். மெழுகு சொரண்டுதேன். எங்கல்யாணத்தன்னைக்கு மட்டும் அதுக்கு முன்னால நிக்க முடியல.

துறவிய போயி அம்பது வருசம் ஆச்சு. கிராதியும் எடுத்தாச்சு. எல்லாரும் எங்கன வேணும்னாலும் உக்காரலாம்னு ஆச்சு. ஆனா எங்க வீட்டுக் கல்யாணம் மட்டும் தெக்குக் கையிலயே நடந்துக்கிட்டு இருந்துது. யாரும் அங்கன போன்னு சொல்லல. நாங்களும் ஏன்னு கேக்கல. கேட்டது எம்மவதான். பிலோமினா. பத்து வயசுல கேட்டா, "ஏம்ப்பா, தொடைக்கது நாம, கல்யாணம் மட்டும் அவங்களுக்கா?" ஓங்கி ஒண்ணு வச்சேன். வச்சுட்டு மணிக்கூண்டுல போயி உக்காந்து அழுதேன்.

இப்ப அவளுக்கு முப்பத்திமூணு. நர்சு. ரெண்டு சம்பந்தம் பேசிப் பேசி விட்டுப் போச்சு. மாசியில இந்த மாப்பிள்ளை அமைஞ்சுது, துறைமுகத்துல வேலை, தங்கமான பையன். அன்னைக்குப் போயிச் சாமிகிட்டக் கேட்டுட்டேன். எம்மவளுக்கு நடுப்பீடம் வேணும்னு. பங்குப் பேரவையில ரெண்டு வாரம் சண்டை. "வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா"ன்னாவ. சாமி மேசையில அடிச்சுச் சொன்னாவளாம், நடுப்பீடத்துலதான் நடக்கும், இஷ்டம் இல்லாதவன் வராதன்னு. கல்யாண அறிவிப்பு ஓலை மூணும் பூசையில வாசிச்சாச்சு. வாசிக்கும்போது பின்னால ஒருத்தன் இருமுனான் பாருங்க, அந்த இருமல் இன்னும் என் காதுல இருக்கு.

இந்தச் சாமி வந்து ரெண்டு வருசம்தான் ஆவுது. நல்லவருன்னுதான் சொல்லணும். ஆனா அவருக்கும் ஒரு நெனப்பு உண்டு சார். பழச இடிச்சுட்டு கான்கிரீட்டுல, ஏசி போட்டு, புதுசாக் கட்டணும்னு. இல்லன்னா எஞ்சினியரக் கூட்டிட்டு வருவாவளா? சொல்லுங்க.

வாங்க, இப்படித் தெக்கு வாசல் வழியா வெளியே போவோம். பாத்து, கதவு இடிக்கும். காலையிலருந்து இந்தக் கதவு மூட மாட்டேங்குது. நெலையில முட்டிக்கிட்டு நிக்குது. மழைக்கு மரம் ஊதியிருக்கும். என்னது? ஆமா, மழை பெஞ்சு மாசம் மூணு ஆச்சு. பழைய மரம்லா, அதுக்குத் தோணுனப்ப ஊதும்.

வெளியே இந்தக் கல்முட்டு எல்லாம் பாத்தியளா? சுவருக்கு முட்டுக் குடுத்து வரிசையா நிக்கி. வடக்க எட்டு, தெக்க எட்டு. தெக்க மட்டும் நடுவுல ரெண்டு பாதியா இருக்குல்லா? அது என் வேலை! பதினெட்டு வருசத்துக்கு முன்ன கோவில் திருநாளுக்குப் புதுச் சப்பரம் செஞ்சோம். முப்பது அடி உயரம், நல்ல அகலம். சப்பரம்னா கோவில மூணு சுத்து சுத்தி வந்தாத்தான் சப்பரம். தெக்க வந்து மாட்டிக்கிட்டு. அங்கிட்டு மதில், இங்கிட்டு முட்டு. மதிலு அடுத்த தெருக்காரன் எடம், தொட விட மாட்டான். எல்லாரும் தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்காவ. நாந்தான் கடப்பாரையத் தூக்குனேன். அந்த ரெண்டு முட்டுலயும் நெஞ்சளவு விட்டுட்டு மேல உள்ளத எடுத்துட்டோம். மூணே நாளு. சப்பரம் வழுக்கிக்கிட்டுல்லா போச்சு! அன்னைக்கு எனக்கு மாலை போட்டாவ சார், பேரவைத் தலைவர் கையால. என் வாழ்க்கையில விழுந்த ரெண்டாவது மாலை.

ஏன் அதையே பாக்கிய? எதுக்குப் போட்டோ எடுக்கிய? சும்மா ரெண்டு மொட்டைக் கல்லு. முகப்ப எடுங்க, அழகா இருக்கும்.

கீறலா? யார் சொன்னா கீறல்னு? எஞ்சினியர் வாசல்ல ஒட்டுன நோட்டீசா... அத நான் கிழிச்சுட்டேனே. ஓ, பாதி ஒட்டிக்கிட்டு இருக்கா. சரி. நீங்க படிச்சவிய, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. போன ஐப்பசியில கண்ணுல பட்டுது. தெக்குச் சுவருல, ஆள் உயரத்துல தொடங்கி சன்னலத் தாண்டிக் கூரை வரைக்கும் ஓடுது. தலைமயிரு கனம்தான். ஏன் தெக்க மட்டும் வந்துதுன்னு யாருக்கும் தெரியல. அந்தப் பக்கம் வெயில் சாஸ்தின்னு நான் சொன்னேன்.

பொங்கலுக்கு முன்ன எஞ்சினியர் வந்தான். கீறலுக்குக் குறுக்க ஒரு கண்ணாடித் துண்டு, விரல் நீளம், ரெண்டு பக்கமும் சிமென்ட் உருண்டை வச்சு ஒட்டுனான். மேல பென்சில்ல தேதி எழுதுனான். "பெரியவரே, தினமும் இதப் பாக்கது உங்க பொறுப்பு. கண்ணாடி முழுசா இருந்தா சுவரு சும்மா இருக்குன்னு அர்த்தம். உடைஞ்சா அன்னைக்கே கோவிலப் பூட்டணும். ஒரு ஆளு உள்ள போகக் கூடாது"ன்னான். மாசம் ஒருக்க வந்து பாப்பான். வந்தான். பாத்தான். முழுசா இருந்துது. போயிட்டான்.

அதான் சார் விசயம். வேற ஒண்ணும் இல்ல.

என்ன, அப்படிப் பாக்கிய?

சரி. சொல்லுதேன். யார்கிட்டயும் சொல்லல, மதலேன்கிட்டக்கூடச் சொல்லல. ஒரு தடவை உடைஞ்சுது. சம்பந்தம் பேசி முடிச்சு, நாள் குறிச்சு, சாமி சரின்னு சொன்ன மறுவாரம். காலையில தொறந்து பாக்கேன், நடுவுல கோடு. என் உசுரே நின்னு போச்சு. இப்பப் போயிச் சொன்னா? கோவிலப் பூட்டிருவாவ. கல்யாணம் பக்கத்து ஊரு மாதா கெபியில நடக்கும், இல்லன்னா பள்ளிக்கூடத்து மண்டபத்துல. அந்த இருமுனவன் சிரிப்பான்லா? "இவனுவளுக்கு நடுப்பீடம் கேக்குது, கோவிலே இழுத்து மூடிட்டு"ன்னு சொல்லுவான்லா? எம்மவ முகத்த நான் எப்படிப் பாக்க?

கண்ணாடிதான சார் உடைஞ்சுது, சுவரா உடைஞ்சுது? மட்டமான கண்ணாடியா இருக்கும். சக்கிரீஸ்துல, பூசை உடுப்பு வைக்க அறையில, கண்ணாடி போட்ட பழைய படம் ஒண்ணு கிடந்துது, அதுலருந்து அறுத்தேன். சிமென்ட் குழைச்சு ஒட்டுனேன். அதே தேதிய அதே மாதிரிப் பென்சில்ல எழுதுனேன். எஞ்சினியர் வந்து தேதியப் பாத்தான், "நல்லா இருக்கு பெரியவரே"ன்னான். சாமி ஞாயித்துக்கிழமை தோறும் கேப்பாவ, "வியாகப்பா, கண்ணாடி முழுசா இருக்கா?" "முழுசா இருக்கு சாமி"ம்பேன். நான் பொய் சொல்லல. முழுசாத்தான இருந்துது?

ஒரு தடவைதானான்னு கேக்கியளா.

இல்ல.

எஞ்சினியர் வச்சது ரெண்டு மாசம் இருந்துது. நான் வச்ச முதல் துண்டு ஒரு மாசம். அடுத்தது பதினாறு நாளு. அதுக்கடுத்து... எட்டு நாளு. அப்புறம் ஒண்ணு நாலு நாளு. இருங்க, இத நான் இப்படி வரிசையா வச்சுப் பாக்கவே இல்ல. ஒவ்வொண்ணும் உடையும்போது, இந்த ஒண்ணு தாங்கிரும், இந்த ஒண்ணு தாங்கிரும்னுதான் இருந்தேன். கல்யாணம் வரைக்கும் போதும், மறுநாளே போயிச் சொல்லிருவேன்னு சூசையப்பருகிட்ட நேந்துக்கிட்டேன். நெசமாத்தான் சார்.

கடைசி ஒண்ணு முந்தாநாள் வச்சது. இன்னைக்குக் காலையில உடைஞ்சு கிடந்துது. பூசை ஆறு மணிக்கு. கண்ணாடிக்கு எங்க போவேன்? வீட்டுக்கு ஓடுனேன். சுவருல எங்கல்யாணப் போட்டோ தொங்குது. நானும் மதலேனும் சூசையப்பர் பீடத்துக்கு முன்னால நிக்க படம். அந்தக் கண்ணாடியக் கழத்தி அறுத்து ஒட்டுனேன். மதலேன் கேட்டா, போட்டோவுக்கு என்ன ஆச்சுன்னு. தொடைக்கும்போது விழுந்துட்டுன்னேன். அது நல்ல தடிக் கண்ணாடி சார், அந்தக் காலத்துக் கண்ணாடி. அது உடையாது. அத மறைக்கத்தான் சோடிக்கவனுவகிட்டச் சொல்லி அந்த எடத்துல பட்டுத்துணிய எறக்கித் தொங்க விட்டிருக்கேன். நல்லாத்தான இருக்கு பாக்க?

காட்டணுமா? எதுக்கு சார். காலையில ஒட்டுனது. சிமென்ட்கூட இன்னும் சரியாக் காஞ்சிருக்காது.

சரி, வாங்க. பாத்துட்டு உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. மணி மூணு அம்பது. சீக்கிரம். தரையில பாத்து நடங்க, புது விரிப்பு. இந்தா பாருங்க, மறுபடியும் விரிப்புல வெள்ளப் பொடி. காலையிலருந்து மூணு வாட்டி கூட்டிட்டேன். ஏணிக்காரனுவ மேல எங்கயோ சுரண்டுதானுவ போல. ஏலே, பாத்து! என்னது? துணி கட்டுனதுக்கு அப்புறம் நீங்க இந்தப் பக்கமே வரலயா?

இருங்க, துணியத் தூக்குதேன். தாழத்தான் இருக்கு, என் தலை உயரம்.

...

சார்.

இது காலையில ஒட்டுனது.

தடிக் கண்ணாடி சார். எங்கல்யாணத்துக் கண்ணாடி. பன்னெண்டு மணி நேரம்கூட ஆகல. கோடு இல்ல சார் இது, ரெண்டு துண்டு. நடுவுல இடைவெளி. என் நகம் உள்ள போவுது. காலையில கீறல் தலைமயிரு கனம்தான் இருந்துது, சத்தியமா. கைய வச்சுப் பாருங்க... இல்ல, வைக்காதிய, வைக்காதிய. தள்ளுது சார். அவன் சொன்னது நெசம். தள்ளுது.

நாலு மணிக்கு அவிய வந்துருவாவ. முந்நூறு பேரு. எம்மவ இங்கன, நடுவுல, சரியா இந்தக் கூரைக்குக் கீழ முட்டி போட்டுக்கிட்டு இருப்பா. நான் என்ன காரியம் பண்ணிருக்கேன். ஆண்டவரே, நான் என்ன காரியம் பண்ணிருக்கேன்.

மணியா? மணி அடிச்சு ஊரக் கூட்டாண்டாம் சார்! அது அடிச்சா கோவிலே அதிரும், கொடியில காயுத துணி ஆடும். சத்தம் போடாண்டாம். மெதுவா. தம்பியளா, எறங்குங்க. ஏணி அங்கனயே இருக்கட்டும். கேள்வி கேக்காம வெளியே போங்க, போங்க. மதலேன். ஏ மதலேன். பூவக் கீழ வையி. வச்சது போதும். மெதுவா எங்கிட்ட வா. ஏன்னு அப்புறம் சொல்லுதேன், எல்லாம் சொல்லுதேன், கையப் பிடி, வா. அழாத. அவ கல்யாணம் நடக்கும். எங்கனயாவது நடக்கும். நீ போயி அந்த வேப்பமரத்தடியில நில்லு, ஒருத்தரையும் இங்கிட்டு விடாத.

சார், அந்தத் தெக்குக் கதவு மூடாதுல்லா? சப்பரக் கொட்டகையில வடம் கிடக்கு. ஒரு முனையப் பிடிங்க. குறுக்க நாலு சுத்து சுத்திக் கட்டுவோம். நல்லா இறுக்குங்க. அம்புட்டுத்தான். இப்பப் பெரிய கதவு. தள்ளுங்க... பூட்டியாச்சு.

இனிச் சாமிகிட்டப் போகணும். ஒவ்வொரு துண்டையும் சொல்லணும். மேசையில அடிச்ச மனுசன்கிட்ட. அது பெரிசில்ல, அவரு அடிச்சாலும் வாங்கிக்கிடுவேன். எம்மவகிட்டச் சொல்லணும் பாருங்க, அதுதான். என்னைய அடிச்சாக்கூடப் பரவாயில்ல. அவ அடிக்க மாட்டா.

ஆரன் சத்தம் கேக்குதா? வேன்தான். வளைவுல திரும்பிட்டு.

சார், இந்தாங்க. பிடிங்க. கனமா இருக்கும், ரெண்டு கையாலயும் பிடிங்க. நீங்க அசலூரு, உங்களுக்கு இங்கன யாரு முகத்தையும் பாக்க வேண்டியதில்ல. எனக்கு அப்படி இல்ல. அவ வெள்ளச் சேலை கட்டிக்கிட்டு வந்து, இந்தக் கதவு முன்னால நின்னு, "அப்பா"ன்னு ஒரு வார்த்தை சொன்னான்னா நான் தொறந்துருவேன். அஞ்சு நிமிசம்தான, ஒண்ணும் ஆகாதுன்னு தொறந்துருவேன். இத்தன மாசமா அதத்தான செஞ்சிருக்கேன்? சாவிய நீங்க வச்சுக்கிடுங்க. கால்ல விழுந்து நான் கேட்டாலும் குடுத்துராதிய.